சிகரமும் சிறுநீரகமும்

நேபாளத்தில் ஆறாயிரம் மீட்டரைத் தாண்டிய சிகரமொன்றில் வழிகாட்டியின் துணையோடு ஏறிவரச் சங்கல்பம் செய்துகொண்டிருக்கும் வாசகர் ஒருவர், எந்தக் காலணி வாங்குவது, எத்தகைய குளிராடை எடுத்துச் செல்வது, எந்த மாதத்தில் புறப்படுவது என்றெல்லாம் நான்கு பக்கம் எழுதிவிட்டு, முடிவில், பதினெட்டு நாள் யாத்திரையைப் பன்னிரண்டே நாளில் முடித்துத் தருவதாக ஒரு கம்பெனியார் சொல்கிறார்கள், சம்மதிக்கலாமா என்று ஒற்றை வரியில் கேட்டிருக்கிறார். முதல் நான்கு பக்கக் கேள்விகளுக்குக் காத்மாண்டுவின் தாமேல் கடைவீதிக்காரர்களே திருப்தியாக விடை சொல்லிவிடுவார்கள். கடைசி வரியோ உயிரைப் பற்றிய கேள்வி. ஆகையால் அதையே இக்கட்டுரையின் பொருளாக எடுத்துக்கொள்கிறேன்.

இமயத்தின் மகா சிகரங்களில் ஏறுவதற்கு நேபாள அரசாங்கமே அனுமதி வழங்குகிறது. அவற்றினும் தாழ்ந்தனவாய், பெரும் பரிவாரமும் மாதக்கணக்கான முகாம் வாசமும் இன்றி ஒரு சிறு குழுவினர் ஏறித் திரும்பக்கூடியனவாய் உள்ள சில சிகரங்களுக்கு அனுமதி தரும் பொறுப்பு, 1973-இல் தோன்றிய நேபாள மலையேற்றச் சங்கத்தினிடம் விடப்பட்டிருக்கிறது. 'டிரெக்கிங் சிகரங்கள்' என்று வழங்கும் இவற்றுள் 6,476 மீட்டர் உயரமுள்ள மேராவும், 6,119 மீட்டர் உயரமுள்ள கிழக்கு லொபுசேயும், 6,189 மீட்டர் உயரமுள்ள இம்ஜா த்சேயும் நம்மவர் அதிகமாக நாடிச் செல்பவை. நமது வாசகர் தேர்ந்திருப்பது இம்ஜா த்சே.

ஐலண்ட் பீக் என்று பலரும் அறிந்திருப்பது இதனையே. பிரிட்டிஷ் மலையேறிகள் சிலர் டிங்போச்சே கிராமத்தின் பக்கமிருந்து நோக்கியபோது, பனிக்கடலின் நடுவே தனித்த தீவாகத் தோன்றியதால் அப்பெயரிட்டார்கள். 1983-இல் இம்ஜா த்சே என்ற பெயர் அதிகாரபூர்வமாயிற்று. எவரெஸ்டு வெல்லப்பட்ட 1953-ஆம் ஆண்டிலேயே, அந்த மாபெரும் முயற்சிக்கு முன்பயிற்சியாக, டென்சிங் நோர்கே உள்ளிட்ட பிரிட்டிஷ் குழுவினர் சிலர் இதில் ஏறினார்கள். ஐம்பதுகளில் சில குட்டைகள் மட்டுமே இருந்த இதன் அடிவாரத்தில், பனியாறு உருகி உருகி இன்று இம்ஜா ஏரி பரந்து கிடக்கிறது. கரையுடைந்து கீழுள்ள கிராமங்களை அழித்துவிடுமோ என்று அஞ்சி, 2016-இல் அதன் நீர்மட்டத்தை மூன்று மீட்டருக்குமேல் தாழ்த்த வேண்டியிருந்தது.

ஏற்றத்தின் தொழில்நுட்பத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. நள்ளிரவு கழிந்ததும் புறப்படுவது, தலைவிளக்கின் ஒளியில் பாறைச் சரிவுகளைக் கடப்பது, பனியாற்றின் விளிம்பில் கிராம்பான் என்னும் முள்தகடுகளைக் காலணிகளில் பூட்டிக்கொண்டு ஒரே கயிற்றில் பிணைந்து நடப்பது, உச்சிக்குக் கீழே செங்குத்தாக எழும் பனிச்சுவரில் வழிகாட்டிகள் முன்னரே கட்டிவைத்த கயிற்றை ஜூமார் என்னும் பற்றுக்கருவியால் பிடித்து மேலே செல்வது, பகல் முற்றிக் காற்று வலுக்குமுன் இறங்கிவிடுவது—இவையே அந்த ஒரு நாளின் கதை. ஜூமாரைத் தள்ளவும், கயிற்றின் முடிச்சுகளைக் கடக்கையில் பிடிப்பை விடுவித்து மறுபடி மாட்டவும், இறங்குகையில் கயிற்றைக் கட்டுக்குள் வைத்திருக்கவும், திடகாத்திரமான ஒருவருக்கு அடிவார முகாமில் ஒரு பகற்பொழுதில் நல்ல வழிகாட்டி கற்பித்துவிடுவார். ஆனால் எந்த வழிகாட்டியாலும் கற்பிக்க முடியாததும், எந்தக் கடையிலும் வாங்க முடியாததுமான ஆயத்தம் ஒன்றுண்டு. அது தேகத்தினுள்ளே, பெரும்பாலும் நாம் உறங்கும்போது நடப்பது.

இம்ஜா த்சேக்குப் போகும் வழியிலுள்ள கும்பு பள்ளத்தாக்கின் விடுதிகளில் அறைக்கும் அறைக்கும் நடுவே மெல்லிய ஒட்டுப்பலகையே சுவர். டிங்போச்சேயில், கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 4,400 மீட்டர் மேலே, நான் உறக்கம் வராமல் படுத்திருந்த ஓர் இரவில், பலகைக்கு அப்பால் படுத்திருந்த பிரயாணியின் மூச்சு வரவரப் பெரிதாகி, பின்பு படிப்படியாகத் தேய்ந்து, முற்றிலும் நின்றுபோயிற்று. ஐந்து, பத்து என்று எண்ணத் தொடங்கிய நான் எழுந்து கதவைத் தட்டலாமா என்று எண்ணும்போது, ஆழ்ந்த ஒரு பெருமூச்சோடு சுவாசம் திரும்பிற்று. சிறிது நேரத்தில் மீண்டும் தேய்ந்தது, மீண்டும் நின்றது, மீண்டும் எழுந்தது. விடியும்வரை அப்படியே. காலையில் அவர் சாவகாசமாகத் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். இரவில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. அன்றுமுதல், மலை சார்ந்த விந்தைகள் அனைத்திலும் இந்த விந்தையே என் மனத்தை அதிகமாகக் கவர்ந்து வந்திருக்கிறது.

இதைக் கண்டு திடுக்கிட்டவர்கள் பெரியோர்களிலும் உண்டு. 1857-இல் மான் பிளாங்க் மலையில் களைத்துப்போய்ச் சற்றே கண்ணயர்ந்த விஞ்ஞானி ஜான் டிண்டாலை, அவருடைய மூச்சு நெடுநேரம் கேட்கவில்லையே என்று பயந்த நண்பர் தட்டி எழுப்பியிருக்கிறார். அந்த நூற்றாண்டின் இறுதியில், இத்தாலிய உடலியலறிஞர் ஆஞ்சலோ மோஸ்ஸோ, மோன்டே ரோசா மலையின் ஓர் உச்சியில் 4,559 மீட்டர் உயரத்தில் நிற்கும் மார்கெரிட்டா விடுதியில், உறங்குவோரின் மார்பு எழுந்து தாழ்வதைக் கருவி வைத்துப் பதிவு செய்து, மூச்சு முறைபோட்டுக்கொண்டு வளர்ந்தும் தேய்ந்தும் நின்றும் வருவதை ஆராய்ந்தார்.

காரணம் இதுதான். உயரத்தில் காற்றினுள் பிராணவாயுவின் விகிதம் குறைவதில்லை. எங்கும் அது சுமார் 21 சதவீதமே. குறைவது காற்றின் அழுத்தம். 5,500 மீட்டரில் அது கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழப் பாதி. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு அதற்கேற்பச் சுருங்கவே, கழுத்துத் தமனிகளின் கவட்டில் அமர்ந்து ரத்தத்தைச் சோதித்துக்கொண்டிருக்கும் சின்னஞ்சிறு உறுப்புகள், இன்னும் வேகமாக, இன்னும் ஆழமாக மூச்சு விடும்படி மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. அவ்வாறு விடும்போது கரியமில வாயு அளவுக்கு மிஞ்சி வெளியேறிவிடுகிறது. நாம் உறங்குகையில் மூச்சைத் தூண்டிவிடுவது பெரும்பாலும் அந்தக் கரியமில வாயுவே. அது ஓர் எல்லைக்குக் கீழே போனதும் தூண்டுதல் அற்று மூச்சு நின்றுவிடுகிறது. நின்ற மாத்திரத்தில் கரியமில வாயு ஏறுகிறது, பிராணவாயு இறங்குகிறது, அபாயச் செய்தி பாய்கிறது, மூச்சு பெருகுகிறது, மறுபடியும் எல்லை மீறுகிறது.

நுரையீரலில் நேரும் மாறுதலைச் சுமந்துகொண்டு ரத்தம் கழுத்துக்கும் மூளைக்கும் போய்ச் சேரச் சில விநாடிகள் ஆகின்றன என்பதே இந்தத் தடுமாற்றத்தின் மர்மம். எங்கள் தோட்டத்தில் கிணற்று மேட்டில் நான் நிற்க, வாய்க்காலின் கடைசியில் பாத்தி கட்டிக்கொண்டிருந்த தகப்பனார், 'போதும், நிறுத்து' என்று குரல் கொடுப்பார். நான் அக்கணமே நிறுத்தினாலும், வாய்க்காலில் வந்துகொண்டிருக்கும் தண்ணீர் ஓடிப்போய்ப் பாத்தியை உடைத்துக்கொள்ளும். 'விடு' என்று கூப்பிட்டாலோ, தண்ணீர் அங்கு சேருமுன் மண் காய்ந்து நிற்கும். ஏவலும் பணியும் குற்றமற்றவை. இடையிலுள்ள தூரமே ஒருமுறை வெள்ளத்தையும் ஒருமுறை வறட்சியையும் உண்டாக்கியது. மலைமேல் உறங்குபவனுடைய சுவாசத்தின் நிலையும் அதுவே.

இத்தகைய சுவாசம் தன்னளவில் நோயன்று. உயரத்துக்கு நன்கு பழகியவர்களிடமும் காணப்படுவது. ஆயினும், தேகம் தனக்கு அந்நியமான ஓரிடத்தில் நிலைகொள்ளப் போராடிக்கொண்டிருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது. அந்தப் போராட்டத்தில் நமக்குத் துணை வருவது, யாரும் நினைத்துப்பாராத சிறுநீரகம். கரியமில வாயுவை இழந்த ரத்தத்தில் காரத்தன்மை மிகுகிறது. அம்மிகுதி, பிராணவாயுவுக்காக ஏங்கும் தேகத்தின் மூச்சுக்கே தடை போடுகிறது. சிறுநீரகம் ரத்தத்திலுள்ள பைகார்பனேட் என்னும் காரப்பொருளைச் சிறுநீரோடு கொஞ்சங் கொஞ்சமாக வெளியேற்றி அந்தத் தடையைத் தளர்த்துகிறது. தளரத் தளர மூச்சு தாராளமாகிறது, ரத்தத்தில் பிராணவாயு உயர்கிறது. உயரத்துக்கு வந்த புதிதில் அடிக்கடி சிறுநீர் கழிக்க நேர்வதைத் தொந்தரவென்று நொந்துகொள்பவர்கள், தங்களுக்காக நடைபெறும் ஒரு மகத்தான சேவையின் அடையாளம் அது என்பதை அறிந்தால் ஆறுதல் அடைவார்கள். ஆனால் அந்தச் சேவை மணிக்கணக்கில் முடிவதன்று; நாட்கணக்கில் நடப்பது. சிவப்பணுக்கள் பெருகுவதற்கோ வாரங்கள் வேண்டும். டயமாக்ஸ் என்று பலரும் கேள்விப்பட்டிருக்கும் அசிட்டசோலமைடு மாத்திரை, சிறுநீரகத்தின் இந்தப் பணியையே துரிதப்படுத்துகிறது. வைத்தியரின் ஆலோசனையோடு அதை உட்கொள்ளலாமே தவிர, நாட்களுக்குப் பதிலாக அதை வைத்துவிட இயலாது.

நல்ல திட்டமொன்றை எடுத்துப் பார்த்தால், அதன் ஒவ்வோர் இரவும் இந்த உண்மைக்குக் கீழ்ப்படிந்திருப்பதைக் காணலாம். மூவாயிரம் மீட்டருக்குமேல், உறங்கும் இடத்தை ஒரு நாளைக்கு ஐந்நூறு மீட்டருக்கு மிகாமல் உயர்த்த வேண்டும். மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் இரண்டாம் இரவும் தங்க வேண்டும் என்பது வைத்தியர்கள் வகுத்த பொதுவிதி. லுக்லாவில் விமானத்தை விட்டு இறங்கியவர்கள் முதல் இரவை அதனினும் தாழ்ந்த பாக்டிங்கில் கழிப்பதும், 3,440 மீட்டரிலுள்ள நாம்சே பஜாரில் இரண்டு இரவுகள் தங்கிப் பகலில் கும்ஜுங்வரை ஏறி இறங்குவதும், தெங்போச்சே மடாலயத்தைக் கடந்து டிங்போச்சேயில் மறுபடி இரண்டு இரவுகள் தங்குவதும், பின்பே சுக்குங் வழியாக, ஐயாயிரம் மீட்டரைத் தாண்டிய அடிவார முகாமுக்குப் போவதும் இதனாலேதான். பகலில் உயர ஏறு, இரவில் தாழ உறங்கு என்பது மலைவாசிகளின் பழமொழிபோல் ஆகிவிட்டது. 1953 எவரெஸ்டுக் குழுவோடு சென்ற உடலியலறிஞர் கிரிஃபித் பியூ, முந்திய ஆண்டில் சோ ஓயு மலைப்பக்கம் செய்த சோதனைகளைக் கொண்டு, உயரத்துக்குப் பழகவும் நிறைய நீர் அருந்தவும் வேண்டிய அவசியத்தைத் தலைவர்கள் உள்ளத்தில் ஊன்றச் செய்தார். அந்த வெற்றியில் அவருக்குரிய பங்கை உலகம் நெடுங்காலம் மறந்தே இருந்தது.

திட்டத்தைப் பார்ப்பவர் கண்ணுக்கு, நாம்சேயின் இரண்டாம் இரவும் டிங்போச்சேயின் இரண்டாம் இரவும் ஓய்வு நாட்களாக, ஆகவே வெட்டிவிடத்தக்க செலவாகத் தோன்றுகின்றன. ஆனால் யாத்திரை முழுவதிலும் மிகக் கடினமான வேலை நடப்பது அந்நாட்களில்தான். அவற்றை வெட்டியவர்களுக்குத் தலைவலியும் குமட்டலும் வருவதோடு சில வேளைகளில் விஷயம் முடிந்துவிடும். சில வேளைகளில் மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்துச் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து நேரும். நடை தள்ளாடினாலும், அமர்ந்திருக்கும்போதே மூச்சு திணறினாலும், செய்யத்தக்கது உடனே கீழே இறங்குவது ஒன்றே. 1973 முதல் இயங்கிவரும் இமாலய மீட்புச் சங்கத்தார் பெரிச்சே கிராமத்தில் வைத்தியசாலை நடத்தி, வரும் பிரயாணிகளுக்குப் பருவந்தோறும் ஓயாமல் போதித்து வருவதும் இதைத்தான்.

இவ்விடத்தில் மனம் பொறாமல் ஒன்று சொல்ல வேண்டும். நம்முடைய மூட்டைகளை டோகோ என்னும் கூடையிலிட்டு, நாம்லோ என்னும் வாரை நெற்றியில் மாட்டிச் சுமந்துவரும் மனிதர்களை மலை ஒன்றும் செய்யாது என்று நம்புவோர் மிகப் பலர். தலைமுறை தலைமுறையாக உயரத்தில் வாழ்ந்த ஷெர்பாக்களின் தேகம் உயரத்துக்கு இசைந்திருக்கிறது என்பது மெய்யே. ஆனால் சுமப்பவர்களில் பலர் ஷெர்பாக்கள் அல்லர். தாழ்ந்த மலைச்சாரல்களின் கிராமங்களிலிருந்து பிழைப்புக்காக வந்த ராய்களும் தமாங்குகளும் ஆவர். அவர்களுடைய சிறுநீரகமும் நம்முடையதைப் போலவே நாட்களைக் கேட்கிறது. திட்டத்தில் குறைக்கப்படும் ஒவ்வொரு நாளும், நம்மைவிட அதிகப் பாரத்தோடும் குறைந்த ஆடையோடும் ஏறும் அவர்களிடமிருந்தே முதலில் பறிக்கப்படுகிறது. நோயுற்ற சுமைதூக்கியைக் கூலி கொடுத்துத் தனியே கீழே அனுப்பிவிடும் கொடுமையைத் தடுக்கவே, 1997-இல் சுமைதூக்குவோர் பாதுகாப்புக்கென ஒரு சர்வதேசக் குழு தோன்ற வேண்டியதாயிற்று. தக்க ஆடை, தக்க தங்குமிடம், நமக்குக் கிடைக்கும் அதே வைத்தியம், நோயுற்றால் துணையோடு இறக்கம்—அது கேட்பவை இத்தகையவையே. நாகரிகமுள்ள எவரும் கேட்கப்படாமலே செய்ய வேண்டியவை இவை.

ஆகவே வாசகருக்கு என் அபிப்பிராயம்: பன்னிரண்டு நாள் திட்டத்தை ஏற்க வேண்டாம். தாள் ஒன்றை எடுத்து, முதலில் இரவுகளை மட்டும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில் உறங்கும் உயரத்தைக் குறியுங்கள். லுக்லாவில் விமானம் நின்றுபோவதற்கும் சிகரத்தில் வானிலை கெடுவதற்கும் இரண்டு மூன்று நாட்களை உபரியாக வையுங்கள். பிறகு அந்தத் தாளோடு கம்பெனிகளிடம் சென்று, திரும்பு என்று சொல்லும் அதிகாரம் வழிகாட்டிக்கு முழுமையாக உண்டா என்றும், சுமைதூக்குவோர் எங்கே உறங்குவார்கள், என்ன உடுத்துவார்கள், அவர்களுக்குக் காப்பீடு உண்டா என்றும் கேளுங்கள். தயங்காமல் விடை சொல்பவரோடு மட்டும் ஒப்பந்தம் செய்யுங்கள். காலணியை அதற்குப் பிறகு வாங்கலாம். விடுமுறை போதாவிட்டால், போதுமான விடுமுறை சேரும்வரை ஓராண்டு பொறுங்கள். இம்ஜா த்சே காத்திருக்கும்.