பக்கத் தகடு கழற்றிய காலம்

ஜவ்வாது மலை என்றதும் குளிரை நினைப்பவர்கள் காவலூர்ப் பக்கம் ஏறிப்போக வேண்டும். வேலூர்ப் பக்கத்து அமிர்தி கிடப்பது மலையின் அடிவாரத்தில். காடும் அருவியும் உயிரியல் பூங்காவும் இருந்தும், சித்திரை பிறந்தால் வேலூர் வெயிலுக்கு அது தப்புவதில்லை.

இருபது வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்துக் கடைகளில் கம்ப்யூட்டர் இருந்தால், சி.பி.யூ. பெட்டியின் பக்கத் தகடு கழன்று சுவரில் சாய்ந்திருக்கும். டேபிள் ஃபேன் பெட்டியின் வயிற்றைப் பார்த்து ஓடும். ஆள் வியர்த்தாலும் பரவாயில்லை, ஹார்டு டிஸ்க் வேகக்கூடாது!

பயம் வீண் இல்லை. பெரும்பாலான டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர்கள் போட்ட எல்லை 60 டிகிரி செல்சியஸ். அறையே 40ஐத் தொட்டுவிட்டால் மிச்சம் எவ்வளவு? சூட்டுக்கு மோட்டார் மட்டும் காரணமல்ல, காற்றும்தான். டிஸ்க்குக்குள் நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் தட்டின் விளிம்பு, மணிக்குச் சுமார் 130 கி.மீ. வேகத்தில் காற்றைக் கிழித்து ஓடுகிறது. சுழற்சி இரட்டித்தால், காற்றோடு உரசுவதில் செலவாகும் மின்சாரம் ஏறக்குறைய ஏழு மடங்காகும். அத்தனையும் சூடு.

அப்படியிருந்தும் டிஸ்க் தயாரிக்கும் சீகேட் நிறுவனம் 1996இல் 10,000 சுற்றையும் 2000இல் 15,000 சுற்றையும் எட்டியது, தட்டைச் சிறுக்கவைத்துத்தான். வெளிப்பெட்டி அதே மூன்றரை அங்குல வகை. 15,000 சுற்று டிஸ்க்கின் உள்ளே தட்டு இரண்டரை அங்குலத்துக்குச் சற்று மேல். கொள்ளளவைக் கொடுத்து வேகத்தை வாங்கினார்கள். அவை ஏ.சி. ஓடும் சர்வர் அறைகளுக்கானவை. அமிர்திக் கடைக்கு அவை தேவையும் இல்லை.

2007இல் கூகுள் தன் லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து, மிதமான சூட்டுக்கும் பழுதுக்கும் பெரிய தொடர்பில்லை என்றது. சூடு மிக ஏறினாலோ டிஸ்க்குக்கு வயதானாலோதான் வம்பு. அந்த டேபிள் ஃபேன் சரியான வேலையைத்தான் செய்திருக்கிறது.

இன்று அந்தச் சுழற்சி வேகப் பந்தயம் ஓய்ந்துவிட்டது. வேகம் வேண்டியவர்கள் சுற்றும் தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி.க்குப் போய்விட்டார்கள். டேட்டா சென்டர் டிஸ்க்குகளுக்குள் 2013 முதல் காற்றுக்குப் பதில் ஹீலியம் வந்தது; அடர்த்தி ஏழில் ஒரு பங்கு, உரசலும் குறைவு. வேடிக்கை என்னவென்றால், 2024இல் சீகேட் வெளியிட்ட 30 டெராபைட் டிஸ்க், லேசர் வைத்து எழுதும் புள்ளியை நானோ நொடிக் கணக்கில் 400 டிகிரிக்கு மேல் தானே சுடுகிறது.

அமிர்திப் பக்கம் தட்டு இன்னும் சுற்றுவது சிசிடிவியின் டி.வி.ஆர். பெட்டிக்குள். வேகம் 5,400 சுற்று அளவில்தான். ஆனால் இரவு பகல் ஓய்வில்லை. திருட்டுக்குப் பயந்து அதைத் தகரக் கூரைக்கு அடியில், பரணில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒளித்துவைக்கிறார்கள். கடையிலேயே கொதிக்கிற இடம் அதுதான். கல்லா மேஜைக்கு அடியில் கம்பிவலைப் பெட்டி அடித்துப் பூட்டிவைத்தால் திருடனுக்கும் எட்டாது, காற்றும் போகும்.