செக்கோவுக்கு மரநாய் விற்ற ஊர்

சோவியத் புத்தகம் என்று சொன்னாலே போதும், எங்கள் ஆட்களின் முகம் உம்மென்று ஆகிவிடும். புரட்சி, வர்க்கம், வரலாற்றுக் கடமை! அந்தப் புத்தகங்களின் பின்கட்டில் நடந்த கூத்தெல்லாம் தெரிந்தால் இப்படி உம்மென்று இருக்க ஏலாது. வாங்கோ, ஒருக்கா எட்டிப் பார்ப்பம்.

கொள்ளுப்பிட்டிப் பக்கமிருந்து கறுவாத்தோட்டத்துக்குள் போகும் பழைய பிளவர் வீதிக்கு இப்போது சேர் ஏர்னஸ்ட் டி சில்வா மாவத்தை என்று பெயர். ருஷ்யத் தூதரகம் அங்கேதான். சோவியத் நாட்டோடு இலங்கைக்கு ராஜதந்திர உறவு உண்டானது 1957இல். முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் நெடுங்காலச் செயலாளர் பிரேம்ஜி ஞானசுந்தரன் சோவியத் தூதரகத்தின் தகவல் பிரிவில் வேலை பார்த்தவர். ஒரு கையில் தூதரகம், மறு கையில் சங்கம்! அப்போதெல்லாம் புத்தகம் வேண்டுமென்றால் கொழும்பில் பீப்பிள்ஸ் பப்ளிஷிங் ஹவுஸ், யாழ்ப்பாணத்தில் பூபாலசிங்கம்.

முன்னட்டையை விடுங்கோ. ரகசியமெல்லாம் கடைசிப் பக்கத்தில். பொடி ருஷ்ய எழுத்தில் அச்சு விபரம், கோப்பெக்கில் விலை, அதோடு ஒரு பணிவான வேண்டுகோளும் இருக்கும்: மொழிபெயர்ப்பும் வடிவமைப்பும் எப்படி என்று எங்களுக்கு எழுதுங்கள், முகவரி சூபவ்ஸ்கி புல்வார், மாஸ்கோ. வெள்ளவத்தையில் லாம்படியில் படிக்கும் பெட்டையிடம் மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் அபிப்பிராயம் கேட்கிறது! எங்கள் பதிப்பாளர்களில் யார் இப்படிக் கேட்டிருக்கிறார்கள், சொல்லுங்கோ. அந்தப் பக்கத்துக்கும் பின்னால் பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா, நா. தர்மராஜன் என்று தமிழ்நாட்டு ஆட்கள். மாஸ்கோப் பனியில் இருந்துகொண்டு தமிழ் எழுதியவர்கள். சிங்களத்துக்கும் இப்படி ஆட்கள் இருந்தார்கள். பக்கத்து வீட்டுச் சிங்கள நண்பரிடம் ‘குரு கீதய’ என்று சொல்லிப் பாருங்கோ, முகம் மலர்ந்துவிடும். தெதிகம வி. ரொட்ரிகோ மொழிபெயர்த்த அந்தப் புத்தகம் வேறொன்றுமில்லை, நாங்கள் ‘முதல் ஆசிரியர்’ என்று படித்த அதே ஐத்மாத்தவ்தான்.

இனி வம்புக்கு வருவம். கோர்க்கியின் ‘தாய்’ நாவலை தொ.மு.சி. ரகுநாதனின் தமிழில் படித்து உருகாத முற்போக்காளர் உண்டா? ஆனால் அதை ருஷ்யத் தொழிற்சாலை வாசலில் இருந்து எழுதினார் என்று நினைத்துவிடாதீர்கள். 1906இல் புரட்சிக்குப் பணம் திரட்ட அமெரிக்கா போன கோர்க்கி, கூடவே நடிகை மரியா அந்திரேயெவாவையும் அழைத்துப் போனார். அவர் சட்டப்படி மனைவி இல்லை என்ற செய்தி பத்திரிகையில் வந்ததுதான் தாமதம், நியூயோர்க் ஹோட்டல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவைச் சாத்தின! கடைசியில் அடிரொண்டாக் மலைப்பக்கம் ஓர் ஆதரவாளர் இடம் கொடுத்தார். ‘தாய்’ பெருமளவு எழுதப்பட்டது அங்கேதான். இன்னும் கேளுங்கோ: அது முதலில் அச்சேறியதே ஆங்கிலத்தில், ஓர் அமெரிக்க மாத இதழில். ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்த நாவல் என்று மூக்கைச் சுளிக்கிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

‘உண்மை மனிதனின் கதை’யும் லேசுப்பட்டதில்லை. விமானம் விழுந்து, பதினெட்டு நாள் பனியில் ஊர்ந்து, இரண்டு காலையும் இழந்து, பொய்க்காலோடு மறுபடி போர்விமானம் ஓட்டிய அலெக்சேய் மரேசியெவ் நிஜ ஆள். நாவலில் பெயரில் ஓர் எழுத்து மட்டும் மாறி மெரேசியெவ் ஆனார். அவ்வளவுதான் ஒளிப்பு! நாஜித் தலைவர்களின் நியூரம்பேர்க் விசாரணையைச் செய்தியாக்கப் போயிருந்த நாவலாசிரியர் பொலெவோய், அங்கே இருந்தபடியே மூன்று கிழமைக்குள் இதை எழுதி முடித்தாராம். எனக்குப் பொறாமைதான்.

இத்தனைக்கும் தமிழ்ப் புத்தகங்கள் கப்பலேறி இங்கே வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே ருஷ்ய எழுத்தாளர்கள் இந்தக் கடற்கரையில் காற்று வாங்கிவிட்டார்கள். 1911இல் வந்த இவான் பூனின், கொழும்பு ரிக்‌ஷாக்காரன் ஒருவனை வைத்து ‘சகோதரர்கள்’ என்ற கதையே எழுதினார். கதை தொடங்குவது தென்னைகளுக்கு நடுவே கொழும்பிலிருந்து கடலோரமாகப் போகும் பாதையில். எங்கள் காலி வீதியேதான், வேறென்ன!

அவருக்கும் முந்தி வந்தவர் செக்கோவ். 1890 நவம்பர், வயது முப்பது. சகலின் தீவின் கைதிகளைப் பார்த்து மனம் நொந்து ‘பீட்டர்ஸ்பர்க்’ கப்பலில் ஊர் திரும்பும் வழியில் கொழும்பில் இறங்கினார், ரயிலேறிக் கண்டிக்கும் போனார். இருந்தது சில நாள். சொர்க்கம் இருந்த இடம் இதுதான் என்று ஊர் போய்க் கடிதம் எழுதினார். கொள்ளுப்பிட்டித் தொடக்கத்தில் நிற்கும் கோல் ஃபேஸ் ஹோட்டலும், கோட்டையிலுள்ள கிராண்ட் ஓரியன்டலும் அவரைத் தங்கள் விருந்தாளி என்று இன்றைக்கும் பெருமை பேசுகின்றன. பேசட்டுமே, ஆளுக்கொரு பாதி செக்கோவ்!

கப்பலில் செத்துக் கடலில் போடப்படும் சிப்பாயின் கதையான ‘கூசெவ்’ கருக்கொண்டது இங்கேதான் என்று அவரே சொன்னார். கீழே ‘கொழும்பு, நவம்பர் 12’ என்று போட்டால் ஸ்டைலாக இருக்கும் என்று பதிப்பாளர் சுவோரினுக்குக் குறிப்பும் எழுதினார். பாருங்கோ, இந்தச் சின்ன ஜம்பம் செக்கோவுக்கும் இருந்திருக்கிறது!

கொழும்பில் அவர் காசு கொடுத்து வாங்கியவை கீரிப்பிள்ளைகள். மாஸ்கோ வீட்டில் அவை பண்ணிய அட்டகாசம் கொஞ்சமா? பாத்திரம் உடைத்து, பூச்சட்டி கிண்டி, வந்தவர் போனவரின் சட்டைப்பைக்குள் மூக்கை நுழைத்து... 1892இல் மாஸ்கோ மிருகக்காட்சிச்சாலைக்கு ஓலை எழுதி ஒப்படைத்துவிட்டார். அதற்குள் இன்னொரு விஷயமும் வெளிச்சமாகிவிட்டது. பெண் கீரி என்று நம்பி அவர் வாங்கி வந்தது கீரியே இல்லை, மரநாய்! உலகத்தையே நுணுக்கமாகக் கவனித்த எழுத்தாளர், அதிலும் படித்த டொக்டர். அவர் தலையிலேயே மரநாயைக் கட்டிவிட்டான் ஒரு கொழும்பு வியாபாரி. ருஷ்ய இலக்கிய வரலாறு எழுதியவர்கள் ஒருவரும் அவன் பெயரைக் குறித்து வைக்கவில்லையே!