பிரேக் ஷூ மாற்றுகிறீர்களா? பில்லையும் வாங்குங்கள், பழைய ஷூவையும் வாங்குங்கள்

பதினைந்து வருடம் ஓடிய ஸ்பிளெண்டர், 1996-இலேயே உற்பத்தி நின்றுபோன யமஹா ஆர்எக்ஸ் 100, வயலுக்கும் சந்தைக்கும் போய்வரும் டிவிஎஸ் எக்ஸ்எல் என டிரம் பிரேக்கை நம்பி ஓடும் பழைய வண்டிகள் நம் சாலைகளில் ஏராளம். 2019 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளுக்கு ஏபிஎஸ் அல்லது சிபிஎஸ் கட்டாயம். பழைய வண்டிக்கு அந்தத் துணை கிடையாது. டிரம்முக்குள் இருக்கும் இரண்டு ஷூக்கள் பிடித்தால்தான் வண்டி நிற்கும். ஆனால் சில நூறு ரூபாய்ச் சாமான்தானே என்று இதற்கு யாரும் பில் கேட்பதில்லை. விபத்து நடந்த பிறகுதான், கையில் எந்த ஆதாரமும் இல்லை என்பது தெரியவருகிறது.

எப்போது மாற்ற வேண்டும்?

பல மாடல்களில் பிரேக் ஆர்முக்குப் பக்கத்தில் ஒரு அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுதாக அழுத்தும்போது அது பிளேட்டில் உள்ள கோட்டைத் தொட்டால் ஷூ முடிந்தது என்று பொருள். சக்கரத்தைக் கழற்றும்போது லைனிங்கின் கனத்தையும் பாருங்கள். பொதுவாக 2 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றிவிட வேண்டும். டிரம்முக்கும் எல்லை உண்டு. ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளில் 130 மில்லிமீட்டர் டிரம், 131-ஐத் தாண்டித் தேய்ந்தால் புது ஷூ போட்டும் பயனில்லை.

ஆபத்தான குறுக்குவழிகள்

ஷூ தேய்ந்து, நட்டை முறுக்க இடமில்லாமல் போகும்போது சில பட்டறைகளில் ஆர்மைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டுவார்கள். இல்லையென்றால் கேமுக்கும் ஷூவுக்கும் நடுவே தகரத் துண்டு வைப்பார்கள். ‘இன்னும் ஆறு மாசம் ஓடும் அண்ணே’ என்பார்கள். பிரேக்கும் அன்றைக்கு நன்றாகவே பிடிக்கும். ஆபத்து உள்ளே இருக்கிறது. கேம் ஓரளவு திரும்பி ஷூவை விரிக்கத்தான் செய்யப்பட்டது. ஆர்மைத் தள்ளி மாட்டியதால் அது அளவுக்கு மீறித் திரும்பினால் நிமிர்ந்து நின்றுவிடும். ஸ்பிரிங்கால் அதைத் திரும்ப இழுக்க முடியாது. ஓடும் வண்டியின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

மாட்டும்போது பக்கத்தில் நின்று சிலவற்றைக் கவனியுங்கள். ஸ்பிரிங்குகளையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். கேமிலும் ஷூ மாட்டியிருக்கும் பின்னிலும் கிரீஸ் லேசாகத் தடவினால் போதும், லைனிங்கில் ஒரு துளி பட்டாலும் பிரேக் பிடிக்காது. பின் சக்கரத்தில் டார்க் ராடு நட்டும் காட்டர் பின்னும் திரும்ப ஏறியதா என்று கண்ணால் பாருங்கள். டார்க் ராடு கழன்றால் பிரேக் பிளேட்டே சுழன்று சக்கரம் இறுகிவிடும். முன் சக்கரத்தில் பிளேட்டின் பள்ளம் ஃபோர்க்கின் முண்டில் சரியாக உட்கார வேண்டும். புது ஷூ டிரம்மோடு பதியும்வரை, முதல் நூறு இருநூறு கிலோமீட்டருக்கு வேகத்தைக் குறையுங்கள்.

இன்னொன்று, டிரம்மில் இருக்கும் கருந்தூசியை ஏர் அடித்தோ வாயால் ஊதியோ எடுக்க விடாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அது நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும். ஈரத்துணியால் துடைப்பதுதான் சரி. இது உங்களைவிட மெக்கானிக்குக்கும் பட்டறைப் பையனுக்கும் முக்கியம்.

போலியை அறிவது எப்படி?

போலி ஷூவில் லைனிங் சரியாக ஒட்டியிருக்காது. சூட்டில் பெயர்ந்து டிரம்முக்குள் சிக்கினால் சக்கரம் நின்றுவிடும். வருடக்கணக்கில் கிடங்கில் கிடந்த சரக்கிலும் அடியில் துரு ஏறி லைனிங் விட்டுப்போகும். வண்டியின் உற்பத்தியே நின்றுவிட்ட மாடல்களுக்கு இந்த இரண்டு ஆபத்தும் அதிகம். சென்னை ஜி.பி. ரோடானாலும் உங்கள் ஊர்க் கடைத்தெருவானாலும் பெட்டியில் அச்சிட்ட விவரங்களைப் படியுங்கள். தயாரிப்பாளர் பெயர், முகவரி, தயாரித்த மாதம், வருடம், அதிகபட்ச சில்லறை விலை, புகார் தொடர்பு ஆகியவை பொட்டலப் பொருளில் இருந்தாக வேண்டும். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் இதைச் சொல்கின்றன. உதிரியாகக் கவரில் போட்டுக் கொடுப்பதை வாங்காதீர்கள்.

சட்டம் உங்கள் பக்கம்

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. பொருளின் குறையால் காயமோ நஷ்டமோ ஏற்பட்டால் தயாரித்தவர், விற்றவர், மாட்டியவர் என யார்மீது தவறோ அவரிடம் இழப்பீடு கேட்கலாம். போலிப் பொருளை ஒரிஜினல் என்று விற்று, அதனால் கொடுங்காயம் ஏற்பட்டால் 7 ஆண்டு வரை சிறை. உயிர் போனால் குறைந்தது 7 ஆண்டு, ஆயுள் வரையும் போகலாம்.

முதலில் கடைக்காரருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். தீரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும்.

விபத்து நடந்திருந்தால் வண்டியை அவசரப்பட்டுப் பழுது பார்க்காதீர்கள். போலீசில் புகார் கொடுத்து, மோட்டார் வாகன ஆய்வாளர் பார்க்கும்வரை ஷூவை அப்படியே வையுங்கள். ஆணையம் நினைத்தால் அதை ஆய்வகத்துக்கு அனுப்பும். தூக்கிப் போட்டுவிட்டால் சோதிக்க எதுவும் இருக்காது.

அதனால் அடுத்த முறை ஷூ மாற்றும்போது பில்லில் வண்டி எண்ணையும் எழுதி வாங்குங்கள். பெட்டியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கழற்றிய ஷூவைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல மெக்கானிக் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொள்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.