உருஷிக் கிண்ணமும் பழகிய தோசைக்கல்லும்

புது இரும்புத் தோசைக்கல்லில் யாரும் நேராக மாவை ஊற்றுவதில்லை. கழுவித் துடைத்து, காயவைத்து, துணியில் தொட்ட நல்லெண்ணெயை மெல்லிசாகத் தேய்த்து, புகையவிட்டு, ஆறியதும் மறுபடி தேய்ப்பார்கள். கல்லைப் பழக்குவது இதுதான். சூட்டில் எண்ணெய் காற்றோடு சேர்ந்து, இரும்பைப் பற்றிய கறுத்த தோலாக இறுகிவிடுகிறது. அவசரப்பட்டுத் தாராளமாக ஊற்றினால் பிசுபிசுப்புதான் மிஞ்சும்.

ஜப்பானின் பழைய கறுப்புக் கிண்ணங்களிலும் பேழைகளிலும் மின்னுவது இப்படி இறுகிய தோல்தான். உருஷி என்பது ஒரு மரத்தின் பால். பத்துப் பதினைந்து வருடம் வளர்ந்த மரத்தைக் கீறிக் கீறி ஒரு பருவம் முழுக்கச் சேர்த்தாலும் சுமார் 200 கிராம்தான் தேறும். அதை மரப் பாத்திரத்தின்மேல் மெல்லிசாகப் பூசி, இறுகவிட்டு, தேய்த்து, திரும்பப் பூசுவார்கள். தடித்துப் பூசினால் மேற்பரப்பு முந்திக்கொண்டு சுருங்கும், உள்ளே ஈரமாகவே கிடக்கும்.

கல்லுக்குத் தேவை தீ. உருஷிக்குத் தேவை ஈரக்காற்று. பாலிலேயே இருக்கும் லாக்கேஸ் என்னும் நொதி, ஆக்சிஜனைக் கொண்டு உருஷியோல் என்னும் பொருளின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைக்கிறது. இந்த நொதியின் வேலையை 1883இல் யோஷிதா என்ற ஜப்பானிய வேதியியலாளர் கண்டறிந்தார். நொதி வேலை செய்ய ஈரம் வேண்டும் என்பதால்தான் பூசிய பாத்திரத்தை 70, 80 சதவீத ஈரப்பதம் உள்ள பெட்டிக்குள் வைக்கிறார்கள்.

அந்த மரம் நமக்குத் தூரத்துச் சொந்தம். மாங்காய்ப் பால் பட்டு உதட்டோரம் புண்ணாவதும், பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைப்பவர்களின் கை வெந்துபோவதும், சலவைத் துணியில் குறிபோட்ட சேங்கொட்டை தோலைக் கொப்புளிக்க வைப்பதும் ஒரே குடும்பத்துக் குணம். பச்சை உருஷியும் கையைப் பதம் பார்க்கும். இறுகிய பிறகு அதில் சோறே சாப்பிடலாம். முந்திரி ஓட்டு எண்ணெயிலிருந்து உருஷிக்கு மாற்றுப் பூச்சே ஜப்பானில் செய்கிறார்கள்.

கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு இது வேற்றூர்க் கதை இல்லை. இங்கே செதுக்கும் மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கூடத்தில் நிற்கும் வாகைப் பிள்ளையாரின் பாலிஷ் வேறு வகையாக இருக்கலாம். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு பாலிஷ் என்றால், ஸ்பிரிட் பட்டதும் மறுபடி கரையும். நன்றாக இறுகிய உருஷி கரையாது. ஆனால் இரண்டுக்கும் அடியில் இருப்பது மரம். மழைக்காலத்தில் அது உப்பும், வறண்டால் சுருங்கும். மேல்தோல் அந்த அளவுக்கு அசையாததால் இணைப்புகளில் முதலில் விரிசல் விடும். ஏசி காற்று நேராக அடிக்கும் சுவர் ஆகாது என்பது இதனால்தான்.

வெயில் இன்னும் மோசம். புளி போட்டுத் தேய்த்தால் கல்லின் பழக்கம் போவதுபோல், வெயில் பட்டால் உருஷியின் பளபளப்பு போகும். ஜன்னலோரக் கிண்ணத்தைத் திருப்பிப் பாருங்கள்: வெளிச்சம் பட்ட பக்கம் கருமை பழுப்பேறி மங்கியிருக்கும். கல்லைத் திரும்பப் பழக்கிவிடலாம். உருஷியில் போனது போனதுதான். வெயில் தின்ற பூச்சில் சொட்டுத் தண்ணீர்கூடத் தழும்பு போடும், எனவே அசலா என்று பார்க்க ஸ்பிரிட் தொட்டுத் துடைக்காதீர்கள்.

கண்ணாடி அலமாரிக்குள் சூடேறும் பல்பு போட்டு எரியவிடுவது, என்னைக் கேட்டால், ஆசையாக வாங்கிய பொருளுக்குச் செய்யும் கெடுதல். சிற்பத்தின் இடுக்குகளில் படியும் தூசியை மென்மையான தூரிகையால் தட்டுங்கள். தேங்காய் எண்ணெய் தடவினால் தூசி அதிலேயே ஒட்டி அழுக்காகும். வெயில் படாத உள்சுவர், ஓரளவு சீரான ஈரம், இந்த இரண்டு போதும். வாங்கும்போது என்ன மரம், என்ன பூச்சு என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பழுது பார்ப்பவருக்கு முதலில் தேவைப்படுவது அந்தக் குறிப்புதான்.