செட்டும் தானியக்கமும்: அரசு ஒப்பந்தப் பணிகளில் ஒரு புதுநெறி

அரசு என்பது ஆள்வது மட்டுமன்று, வாங்குவதும் ஆகும். பள்ளிக்கு இருக்கை, மருத்துவமனைக்கு மருந்து, ஊருக்குச் சாலை, படைவீரனுக்குக் காலணி என அஃது நாள்தோறும் வாங்கிக்கொண்டே இருக்கிறது. வளர்ந்த நாடுகள் பல உறுப்பாக உள்ள பொருளாதாரக் கூட்டுறவு, வளர்ச்சி அமைப்பின் கணக்கின்படி, அந்நாடுகளின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 8இல் ஒரு பங்கு அரசுக் கொள்முதலாகவே செலவாகிறது. இத்துணைப் பெரும்பொருள் ஒப்பந்தம் என்னும் ஒரு சிறு வாயில் வழியாகவே வெளிச்செல்கிறது. அவ்வாயிலில் நேரும் நெரிசலையும், அதனைத் தணிக்க உலக நாடுகள் சில கைக்கொண்ட வழிகளையும் ஈண்டுக் காண்போம். தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை என்று வினவுவார் இருக்கலாம். எம் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொன்னால் அதற்கு விடை கிட்டும்.

எம் சிறிய தந்தையார் மரப்பட்டறை நடத்தியவர். நாம் எம்.ஃபில். ஆய்வில் ஈடுபட்டிருந்த காலத்தில், அரசுப் பள்ளியொன்றுக்கு இருக்கைகள் செய்து தரும் ஒப்பந்தப்புள்ளி அவருக்குக் கிடைத்தது. குறித்த நாளுக்குள் பொருளை ஒப்படைத்தார், பட்டியலும் கொடுத்தார். பணம் வரவில்லை. மூன்று திங்கள் கழித்து விசாரித்தபோது தணிக்கைத் தடை எழுந்திருப்பதாகக் கூறினர். வழங்கல் ஆணையில் ‘நீள் இருக்கை’ என்றிருந்தது; சிறிய தந்தையார் தம் பட்டியலில் ‘பெஞ்சு’ என்று எழுதிவிட்டார். இரண்டும் ஒன்றெனச் சான்றளிக்க அவ்வலுவலகத்தில் எவரும் முன்வரவில்லை. “தமிழ் படித்த பிள்ளை நீ, இரண்டும் ஒரே பொருள்தான் என்று ஒரு கடிதம் எழுதிக்கொடு” என்று அவர் எம்மிடம் வந்து நின்றார். எழுதிக்கொடுத்தோம். அக்கடிதமும் கோப்பில் சேர்ந்து, மேசை மேசையாகச் சென்றது. பணம் கைக்கு வரும்போது ஓராண்டு நிறைவுற்றிருந்தது. மரம் வாங்கச் சிற்றன்னையாரின் நகையை அடகு வைத்திருந்தார்கள். வட்டி ஆதாயத்தை விழுங்கிவிட்டது. அதன்பின் அவர் அரசு ஒப்பந்தப்புள்ளி எதற்கும் விண்ணப்பித்ததில்லை.

கடைசியாகச் சொன்ன செய்தி சிந்திக்கத் தக்கது. இத்தகைய சிறு பட்டறையாளர் ஒவ்வொருவராக விலகிக்கொள்ளும்போது, போட்டியில் எஞ்சுவோர் ஓராண்டு காத்திருக்கும் வல்லமை படைத்த சிலரே. காத்திருப்பதற்கான வட்டியையும் விலையில் சேர்த்தே அவர்கள் கேட்பார்கள். ஆகவே தாமதத்தின் விலையை இறுதியில் செலுத்துவது அரசே. அதாவது வரி செலுத்தும் நாமே.

இனி நெறிக்கு வருவோம். ஆங்கிலத்தில் ‘லீன்’ என வழங்கும் இம்முறையைத் தமிழில் ‘மெலிவு’ என்பார் உளர். மெலிவு நம் வழக்கில் நோயின் அடையாளம். எனவே அச்சொல் பொருந்தாது. ‘சிக்கனம்’ எனலாம், ஆயினும் அது செலவைக் குறைப்பதோடு நின்றுவிடும். நம் வீடுகளில் மூத்த பெண்டிர் வழங்கும் ‘செட்டு’ என்னும் சொல்லே நெருங்கி வருகிறது. செட்டாகக் குடித்தனம் நடத்துபவள் பட்டினி போடுபவள் அல்லள், எதையும் வீணாக்காதவள். 1988ஆம் ஆண்டில் ஜான் கிராஃப்சிக் என்பார் தம் கட்டுரையொன்றில் வழங்கிய அவ்வாங்கிலச் சொல், 1990இல் வோமாக், ஜோன்ஸ், ரூஸ் மூவரும் எழுதிய மோட்டார்த் தொழில் பற்றிய நூலால் உலகெங்கும் பரவிற்று. பெயர் அமெரிக்காவில் பிறந்ததே தவிர, முறை சப்பானியருடையது. டொயோட்டா நிறுவனத்தின் பொறியாளர் தாயிச்சி ஓனோ அதனை வகுத்தவருள் தலையாயவர்.

ஓனோ வீண் என்பதை ஏழாகப் பகுத்தார். தேவைக்கு மேல் ஆக்குதல், காத்திருத்தல், வேண்டாத இடமாற்றம், வேண்டாத வேலை, தேக்கிவைத்தல், வேண்டாத அசைவு, பழுது என்பன அவை. தொழிற்சாலையைக் கண்டு சொன்ன இவை அரசு அலுவலகத்துக் கோப்புக்கும் அச்சாகப் பொருந்துவது வியப்பே. கோப்பு மேசையில் கிடப்பது காத்திருத்தல். மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கும் அங்கிருந்து மீண்டும் மாடிக்கும் செல்வது இடமாற்றம். ஒரே விவரத்தை மூன்று பதிவேடுகளில் எழுதுவது வேண்டாத வேலை. ‘பெஞ்சு’ என்றும் ‘நீள் இருக்கை’ என்றும் இரு பெயர் நின்றதே, அது பழுது. இவற்றைக் காண ஓனோவைப் பின்பற்றுவோர் சொல்லும் வழி எளியது: கோப்பின் பின்னாலேயே நடந்து செல்க. அது எங்கெங்கு நின்றது, எத்தனை நாள் நின்றது, நின்ற இடத்தில் அதற்கு ஏதேனும் நிகழ்ந்ததா என்று குறித்துக்கொள்க. பிறகு, ஏன் நின்றது என ஐந்து முறை அடுத்தடுத்துக் கேட்க. முதல் விடை பெரும்பாலும் ஒரு மனிதரின் பெயராக இருக்கும். ஐந்தாவது விடை ஒரு விதியாகவோ படிவமாகவோ இருக்கும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. தொழிற்சாலையில் காத்திருத்தல் யாவும் வீண். அரசு ஒப்பந்தத்தில் அவ்வாறன்று. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம் 1998இல் இயற்றப்பெற்றது. அதன் விதிகள் 2000இல் வெளிவந்தன. ரூ. 2 கோடி வரையிலான ஒப்பந்தப்புள்ளிகளுக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 30 நாளும் விண்ணப்பிக்கக் கால இடைவெளி தர வேண்டும் என்பது அவ்விதிகளுள் ஒன்று. அந்நாள்களில் அலுவலகத்தில் ஒன்றும் நிகழாததுபோல் தோன்றும். எனினும் தொலைவூரில் இருக்கும் புதியவர் ஒருவர் அறிவிப்பைக் கண்டு, கணக்கிட்டு, போட்டியில் நுழைவதற்கான நாள்கள் அவையே. அவற்றை வெட்டினால் விரைவு கிட்டும். முன்கூட்டியே செய்தி அறிந்தவருக்கு ஒப்பந்தமும் கிட்டும். எந்தக் காத்திருத்தல் காவல், எந்தக் காத்திருத்தல் களை என்று பிரித்தறியாதவர் கையில் இந்நெறியைத் தரலாகாது.

இந்நெறியைச் சடங்காக்கியவர்களும் உண்டு. 2007ஆம் ஆண்டளவில் பிரித்தானிய வருவாய்த் துறை அலுவலகமொன்றில், எழுதுகோல் எங்கு இருக்க வேண்டும், தொலைபேசி எங்கு இருக்க வேண்டும் என மேசைமீது கறுப்பு நாடா ஒட்டி எல்லை வகுத்தனர் என்னும் செய்தி இதழ்களில் வெளிவந்து நகைப்புக்கு இடமாயிற்று. மேசை ஒழுங்காயிருந்தது, கோப்பு என்னவாயிற்று என்பதை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை!

செட்டுக்கு அடுத்தது தானியக்கம். இவ்விரண்டுக்கும் உள்ள உறவை உணரச் சப்பானியத் தறி ஒன்றினிடம் செல்ல வேண்டும். டொயோட்டா மோட்டார் நிறுவனத்தின் மூலவேர் நெசவே. சாக்கிச்சி டொயோடா 1924இல் உருவாக்கிய தானியங்கித் தறியில் பாவு இழை அறுந்தாலோ ஊடை நூல் அறுந்தாலோ தறி தானே நின்றுவிடும். அதன் உரிமையை 1929இல் இங்கிலாந்தின் பிளாட் சகோதரர்கள் நிறுவனம் விலைகொடுத்து வாங்கிற்று. தானே ஓடும் தறிகள் முன்பே இருந்தன. பிழை நேர்ந்ததும் தானே நிற்கத் தெரிந்தமைதான் இதன் சிறப்பு. இழை அறுந்தது தெரியாமல் ஓடும் தறி, விரைந்து ஓடுமளவுக்கு விரைந்து துணியைக் கெடுக்கும்.

மொழி பயில்வோர் மகிழத்தக்க செய்தி ஒன்று இதிலுண்டு. சப்பானிய மொழியில் தானியக்கத்தைக் குறிக்கும் ‘ஜிடோகா’ என்னும் சொல்லில் ‘அசைவு’ எனப் பொருள்படும் ஓர் எழுத்து உண்டு. டொயோட்டாவினர் அவ்வெழுத்தின் பக்கத்தில் ‘மனிதன்’ என்னும் குறியைச் சேர்த்து, ‘உழைப்பு’ எனப் பொருள்படும் எழுத்தாக்கி வழங்கினர். ஒலி மாறவில்லை, எழுத்துக்குள் மட்டும் மனிதன் வந்து நின்றான்.

இவ்வெண்ணம் அரசு ஒப்பந்தத்தில் எவ்வாறு செயற்படுகிறது என்பதற்கு அமெரிக்கத் தரைப்படையின் பட்டறிவு நல்ல சான்று. அந்நாட்டுக் கொள்முதல் விதிகளின்படி, ஒப்பந்தம் வழங்குமுன் அந்நிறுவனம் பொறுப்புடையதுதானா என ஒப்பந்த அலுவலர் தீர்மானிக்க வேண்டும். தடைப்பட்டியலில் பெயர் உள்ளதா, முந்தைய ஒப்பந்தங்கள் முறிந்தனவா என அரசுத் தளங்களில் தேடி, ஒவ்வொரு பக்கத்தையும் படியெடுத்துக் கோப்பில் சேர்ப்பது வழக்கம். ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்த இப்பணியை, 2020ஐ ஒட்டிய ஆண்டுகளில் ‘டோரா’ எனப் பெயரிட்ட ஒரு மென்பொருளிடம் ஒப்படைத்தனர். அலுவலர் நிறுவனத்தின் பதிவெண்ணை அனுப்புகிறார். சில நிமிடங்களில் விவரங்கள் ஒழுங்குபட்டு மின்னஞ்சலில் வந்து சேர்கின்றன. தேடுவதும் தொகுப்பதும் மென்பொருளின் வேலை. பொறுப்புடையது, பொறுப்பற்றது என்று தீர்மானிப்பதோ இன்றும் அலுவலரே.

அதே நாட்டின் வரித் துறை 2020இல் வேறொன்று செய்தது. சில சீனத் தொலைத்தொடர்புக் கருவிகளைத் தடைசெய்யும் சட்டப்பிரிவு நடைமுறைக்கு வந்தபோது, நடப்பிலிருந்த ஒப்பந்தங்கள் அனைத்திலும் அது பற்றிய வாசகத்தைச் சேர்க்க வேண்டியதாயிற்று. 1,400க்கும் மேற்பட்ட ஒப்பந்தங்களை மென்பொருளைக்கொண்டு ஏறத்தாழ 72 மணி நேரத்தில் திருத்தி முடித்தனர். சேர்க்க வேண்டிய வாசகம் ஒன்றே. அதில் சீர்தூக்கிப் பார்க்க ஏதுமில்லை. ஆகவே இயந்திரத்துக்கு அது உரிய வேலை.

எது முன், எது பின் என்பது இங்கு முதன்மையானது. முதலில் வீணைக் களைய வேண்டும். பின்னரே எஞ்சியதைத் தானியக்க வேண்டும். பதினான்கு மேசைக்குச் செல்லும் கோப்பைக் கணினியில் ஏற்றினால், பதினான்கு திரைக்குச் செல்லும் கோப்பாகும், வேறொன்றும் ஆகாது. எம் சிறிய தந்தையாரின் வழக்கையே எடுத்துக்கொள்வோம். ‘பெஞ்சு’, ‘நீள் இருக்கை’ இரண்டும் ஒன்று என்பது அந்த எழுத்தருக்கு உள்ளூரத் தெரிந்தே இருக்கும். கணினிக்கோ அதுவும் தெரியாது. ஒரு பொருளுக்கு ஒரு பெயர், ஒரு பெயருக்கு ஓர் எண் என முன்கூட்டியே வகுத்து வைத்திருந்தால் எம் கடிதமே வேண்டியிராது.

இவ்வரிசையைப் பெரும்பாலும் முறையாகக் கடைப்பிடித்த நாடு தென்கொரியா. 1997இன் நிதி நெருக்கடிக்குப் பின் அரசு நிருவாகத்தைச் சீர்திருத்த முனைந்த அந்நாடு, 2002இல் தேசிய மின் கொள்முதல் தளத்தைத் திறந்தது. அதன் கொரியப் பெயருக்கு ‘நாட்டுச் சந்தை’ என்பது பொருள். நிறுவனம் ஒருமுறை பதிந்துகொண்டால் எல்லா அரசு அலுவலகங்களின் ஒப்பந்தப்புள்ளிகளிலும் பங்கேற்கலாம். வரி செலுத்திய சான்று, உரிமச் சான்று முதலியவற்றை விண்ணப்பிப்பவர் சுமந்து திரிய வேண்டியதில்லை. ஓர் அரசு அலுவலகத்தில் உள்ள விவரத்தை மற்றோர் அரசு அலுவலகம் தானே கேட்டுப் பெற்றுக்கொள்ளும். இது கணினியின் வெற்றி என்பதைவிட, அலுவலகங்கள் தமக்குள் பேசிக்கொள்ள இசைந்ததன் வெற்றி எனலே தகும். ஒப்பந்தப்புள்ளிகளைப் பரிசீலிக்க 30 மணி நேரத்துக்கு மேல் ஆன பணி, 2 மணி நேரமாகக் குறைந்தது. 2003இல் ஐக்கிய நாடுகள் அவையின் பொதுப்பணி விருதும் கிடைத்தது.

அங்கும் இழை அறுந்தது. மின் கையொப்பச் சான்றைப் பிறரிடம் கடன் கொடுத்து, ஒருவரே பல நிறுவனங்களின் பெயரில் விலை கேட்கும் முறைகேடு புகுந்தது. 2010இல் கைரேகைப் பதிவைக் கட்டாயமாக்கினர். ஏலத்தில் கூடிப்பேசி விலை வைப்பதை மோப்பம் பிடிக்க, அந்நாட்டு வணிகநேர்மை ஆணையம் 2006 முதல் ஒரு கணினி முறையை நடத்திவருகிறது. எத்தனை பேர் போட்டியிட்டனர், வென்ற விலை அரசின் மதிப்பீட்டை எவ்வளவு நெருங்கியிருந்தது என்பனவற்றைக் கொண்டு அஃது ஐயத்துக்குரியவற்றைத் தனித்துக் காட்டும். தண்டிப்பது அதன் வேலையன்று, விசாரிப்பவர் மனிதர்.

நம் நாட்டில் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், பொருளை ஏற்றுக்கொண்டதிலிருந்து 45 நாளுக்குள் பணம் தரப்பட வேண்டும் என்றும், தவறினால் வங்கி வீதத்தைப் போல் மும்மடங்கு கூட்டுவட்டி சேரும் என்றும் விதித்தது. எனினும் சிறு பட்டறையாளர் எத்தனை பேர் தமக்கு அடுத்த ஆணையையும் தரவேண்டிய அலுவலகத்தின்மீது வட்டி கேட்டு வழக்காடுவர்? 2016 ஆகஸ்டில் நடுவணரசு மின் சந்தைத் தளம் ஒன்றைத் தொடங்கிற்று. நெடுங்காலம் இயங்கிவந்த வழங்கல், விற்பனைத் தலைமை இயக்ககம் 2017 அக்டோபரில் மூடப்பட்டது. இத்தளத்தில் பொருள்கள் வகைபிரித்து வைக்கப்பட்டுள்ளன. விலை கேட்பதும் ஒப்பந்தம் பிறப்பதும் திரையிலேயே நிகழ்கின்றன. பொருள் சேர்ந்த பத்து நாளுக்குள் ஏற்புச் சான்று வழங்குவதும், அதிலிருந்து பத்து நாளுக்குள் பணம் செலுத்துவதும் அதன் நடைமுறை.

எம் சிறிய தந்தையாரின் மகன் இப்பொழுது அப்பட்டறையை நடத்துகிறார். தந்தையார் தடுத்தும் கேளாமல் இத்தளத்தில் பதிவு செய்துகொண்டார். இருக்கைகளை ஒப்படைத்த நாளிலிருந்து நாள்களை எண்ணுகிறார். பட்டியலில் என்ன பெயர் எழுதுவது என்னும் அச்சம் அவருக்கில்லை. திரையில் உள்ள வகையைத் தேர்ந்தால் போதும். ஆனால் ஏற்புச் சான்றுக்கான விசையை அழுத்த வேண்டியவர் விடுப்பில் சென்றிருந்தால் என் செய்வது? சென்ற முறை ஒன்பதாம் நாள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தாராம். ஐந்து முறை மணி அடித்த பிறகே எடுத்தார்கள் என்றார்.