வெளிச்ச வீடு முந்தியது, துறைமுகம் பிந்தியது

கொழும்பு புறக்கோட்டைக்குச் சரக்கெடுக்கப் போகும் நம் வியாபாரிகள் சிவப்புப் பள்ளிவாசலைத் தாண்டாமல் திரும்புவதில்லை. இந்திய முஸ்லிம் வர்த்தகர்களின் முயற்சியில், 1908இல் ஆரம்பித்து 1909இல் முடிந்த கட்டடம் அது. திட்டமிட்டுக் கட்டிய ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை பட்டம் பெற்ற கட்டடக் கலைஞரல்லர். துறைமுகத்தை நெருங்கும் மாலுமிகளுக்கும் அப்பள்ளிதான் அடையாளமாக இருந்ததென்பர். அங்கே துறைமுகம் முந்தியது. 1875இல் அடிக்கல் நாட்டப்பட்ட அலைதடுப்புச் சுவர் 1885இல் நிறைவுற்றது. வியாபாரம் பெருகியது, கட்டடங்கள் எழுந்தன.

ஒலுவிலில் நடந்தது தலைகீழ். இங்கே வெளிச்ச வீடு 1999இலேயே எழும்பிவிட்டது. துறைமுகங்கள் அமைச்சராக இருந்த மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் கனவு அது. 1995இல் ஆரம்பமான தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இதே ஒலுவிலில்தான். 2000 செப்டம்பரில் அவர் ஹெலிகொப்டர் விபத்தில் வபாத்தானார். துறைமுக வேலை டென்மார்க் நாட்டின் கடனுதவியுடன் 2008இல்தான் ஆரம்பித்தது, 2013 செப்டம்பர் 1ஆம் திகதி திறக்கப்பட்டது.

நிந்தவூர், அக்கரைப்பற்று அரிசி ஆலைக்காரரும் மருதமுனை நெசவாளரும் லொறிக் கூலி குறையுமென்று கணக்குப் போட்டார்கள். அது பேராசையல்ல, நியாயமான கணக்குத்தான். ஆனால் சரக்குக் கப்பல்கள் வழமையாக வந்துபோகும் நிலை உருவாகவில்லை. மீன்பிடிப் பகுதியும் சிக்கலில் மாட்டியது.

காரணம் மண். இக்கரையில் கடல் நீரோட்டம் மணலைப் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே கொண்டு செல்லும். அலைதடுப்புச் சுவர் அதை மறித்தது. தெற்கில் மணல் குவிந்தது. குவிந்தது சுவரைச் சுற்றிவந்து நுழைவாயிலை அடைத்தது. வடக்கிலோ வரவேண்டிய மணல் வராமல் கடலரிப்பு ஏற்பட்டு, தென்னந்தோப்புகள் கடலுக்குப் போயின. வாயைத் தோண்டச் சொன்னார்கள் மீனவர்கள். கரையைக் காப்பாற்று என்றார்கள் காணிக்காரர்கள். இரு சாராரும் நம்மவர்கள், இரு கோரிக்கையும் நியாயமானவை.

மணல் மறிபடும் கரைகளில் உலகம் கண்ட வழி, தெற்கில் சேரும் மண்ணைக் குழாய் வழியே வடக்குக் கரைக்கு அனுப்புவது. அவுஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் கரையில் 1980களிலிருந்தே அப்படிச் செய்கிறார்கள். செலவு ஒரு தடவையோடு முடியாது, வருடாவருடம் வரும். கடை வைத்திருப்பவருக்கு இது புரியும்: கட்டடச் செலவு வேறு, பராமரிப்புச் செலவு வேறு. ஒலுவிலுக்கு முதலாவது கிடைத்தது. இரண்டாவதை யார் எந்த வருமானத்திலிருந்து கொடுப்பது என்பதைத்தான் நம் வர்த்தக சங்கங்கள் அரசியல்வாதிகளிடம் கேட்க வேண்டும்.