நிலத்துள் மறைந்த பழுது

மாரிகாலத்துக் காற்றில் தென்னோலை விழுந்து மின்கம்பி அறுந்தால், காரைதீவிலோ அயலூர்களாகிய சாய்ந்தமருது, நிந்தவூரிலோ பழுது எங்கே என்று நெடுநேரம் தேட வேண்டியதில்லை. அண்ணாந்து பார்த்தாற் போதும். நிலத்தின்கீழ்ப் புதைத்த மின்வடத்தின் கதை வேறு. காற்று அதனைத் தீண்டாது. ஆனால் அது பழுதுற்றால் கண்ணுக்கும் புலப்படாது. வைத்தியசாலை இருளில் நிற்கையில் தெருவை எவ்விடத்தில் தோண்டுவது? 1998ஆம் ஆண்டின் முதலிரு மாதங்களில் நியூசிலாந்தின் ஓக்லண்ட் நகர்மையத்துக்குரிய நான்கு பெருவடங்கள் அடுத்தடுத்துச் செயலிழந்தன. ஏறக்குறைய ஐந்து வாரம் அந்நகர்மையம் அல்லலுற்றது.

பழுது தேடும் கருவிகளை இன்று ஒரு சிறு வாகனத்தில் ஏற்றிச் செல்லலாம். சிலவற்றைக் கையிலேயே தூக்கலாம். முதலில் வடத்தின் காவலுறை கெட்டுள்ளதா என்று சோதிப்பர். அடுத்து, வடத்தின் ஒரு முனையில் நுண்ணிய மின்துடிப்பு ஒன்றைச் செலுத்துவர். பழுதுற்ற இடத்தில் அது எதிரொலிபோல் திரும்பும். வடத்துள் துடிப்பின் வேகம் மைக்ரோசெக்கனுக்கு 160 மீற்றர் எனக் கொள்வோம். 10 மைக்ரோசெக்கனில் அது திரும்பினால், போய்வந்த தூரம் 1,600 மீற்றர். ஆகவே பழுது 800 மீற்றரில் உள்ளது.

எல்லாப் பழுதும் இவ்வளவு எளிதில் அகப்படுவதில்லை. உயர்ந்த மின்தடையுள்ள பழுதைச் சிறு துடிப்பு உணராமலே கடந்துவிடும். அப்போது கொள்ளளவியில் சேமித்த உயர்வோல்ற்று மின்னேற்றத்தை வடத்துள் ஒரேயடியாகப் பாய்ச்சுவர். பழுதில் கணப்பொழுது மின்பொறி எழும். அக்கணத்திலேயே துடிப்பை அனுப்பினால் அது பொறியிற்பட்டுத் திரும்பும்.

இவ்வளவும் வடத்தின் நீளத்தையே சொல்கின்றன. வடமோ வளைந்தும் ஏறியிறங்கியும் கிடப்பது. மண்ணின்மேல் அளந்த தூரம் அதனோடு ஒத்துவராது. ஈற்றில் காதே துணை. பொறி எழுந்தோறும் நிலத்துள் 'தும்' என்று ஓர் அதிர்வு. நிலத்தில் வைத்த ஒலிவாங்கியால் அதனைக் கேட்டவாறு நடப்பர். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளார் யாழின் நரம்பொலியைக் கணிதங்கொண்டு ஆராய்ந்தவர். அவருக்கு இவ்வேலை பிடித்திருக்கும்.

ஒலியின் உரப்பை மட்டும் நம்பினால் ஏமாற நேரும். தளர்ந்த மணல் ஒலியை விழுங்கும். குழாய்க்குள் கிடக்கும் வடமோ ஒலியை வேறிடத்துக்குக் கடத்தும். ஆதலின் கருவி காந்த அதிர்வையும் உடன் பதிகின்றது. மின்னல் முன்னும் இடி பின்னும் வருவதுபோல, காந்தச் சைகை உடனே வரும். ஒலி சற்றே பிந்தும். அப்பிந்துகை மிகக் குறைந்த இடமே பழுதின் நேர்மேல். அங்கே அடையாளமிடுவர்.

உயர்வோல்ற்று அடியைத் தேவைக்கு மேல் நீட்டுவது தவறு. பழைய வடத்தின் நல்ல பகுதிகளையும் அது நலிவிக்கும். மண்வெட்டி எடுக்குமுன் வடத்தில் எஞ்சிய மின்னேற்றத்தை நிலத்துக்கு இறக்குவதும் கட்டாயம். நீண்ட வடம் தானே ஒரு கொள்ளளவி. கருவியை நிறுத்திய பின்னும் அது ஆளைக் கொல்ல வல்லது.